லொறி ஏறினால் ஆடும் கான் மூடி: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடித்துப் பலப்படுத்தும் முறை

கொழும்பில் கிராண்ட்பாஸ், புளூமெண்டால், ஒருகொடவத்தைப் பக்கம் உள்ள பல வளவுகளின் வடிகான்கள், வேனும் சின்ன லொறியும் மட்டும் வந்துபோன காலத்தில் கட்டப்பட்டவை. இன்று அதே கேட்டுக்குள் நாற்பது அடிக் கண்டெய்னர் பின்பக்கமாக நுழைகிறது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் நிலைமை வேறு. தனி வீடு இருந்த காணியில் மாடிக் குடியிருப்பு எழும்பிவிட்டது; கார் ஓடப் போட்ட கான் சிலாப்பின் மேல் தண்ணீர் பவுசரும் மலக்குழியை உறிஞ்சும் கல்லி பவுசரும் ஏறுகின்றன. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் கானின் மேல் சக்கரத்தை ஏற்றி நிறுத்தினால்தான் சாமான் இறக்க இடம் கிடைக்கும்.

மூடி உடைந்தால் வழமையாக எல்லோரும் செய்வது, அதைவிடக் கனமான மூடி ஒன்றை வாங்கிப் போடுவது. கொஞ்ச நாளில் மூடி முழுசாகவே இருக்கும், அதைத் தாங்கும் பிரேம் அமிழ்ந்திருக்கும். பிரேமைச் சரிசெய்தால் அப்புறம் சுவர் சாயும். டயரின் பாரம் மூடியிலிருந்து பிரேமுக்கும், பிரேமின் அடியில் உள்ள சாந்துக்கும், சுவருக்கும், அத்திவாரத்துக்கும், கடைசியில் மண்ணுக்கும் இறங்க வேண்டும். அந்த வழியில் எது மெலிவோ அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். மெலிந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் இன்னொன்றைப் பலப்படுத்தினால் பழுது இடம் மாறுமே தவிர தீராது. ஆகவே கீழே உள்ளதை அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் இடத்தில் தெரிவது எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் எடை

"இவ்வளவு காலமா இதுக்கு மேலதான் லொறி போகுது, ஒண்ணும் ஆகல்லையே தம்பி" என்று வளவுக்காரர்கள் சொல்வார்கள். போனது எந்த லொறி என்று கேட்டுப் பாருங்கள். 8,000 லீற்றர் பவுசரில் தண்ணீர் மட்டுமே 8 தொன். 6 கன மீற்றர் கொங்கிரீட் ஏற்றிய மிக்சர் வண்டியில் கொங்கிரீட் மட்டும் 14 தொன்னுக்கு மேல். நாற்பது அடிக் கண்டெய்னர் நிரம்பினால் 30.48 தொன் வரை போகலாம். இழுக்கும் தலையும் ட்ரெயிலரும் அதற்கு வெளியே.

கானுக்கு முக்கியமானது வாகனத்தின் முழு எடையைவிட ஒரு சக்கரத்தின் எடை. 10 தொன் அச்சு என்றால் ஒரு பக்க இரட்டை டயரில் 5 தொன், அதாவது ஏறக்குறைய 50 கிலோநியூட்டன். ஓடும் சக்கரம் நிற்கும் சக்கரத்தைவிட அதிகமாக அழுத்தும். அமெரிக்காவின் ஆஷ்டோ பால வடிவமைப்பு விதி இதற்காகச் சாதாரண இடத்துக்கு 33 சதவீதமும், மேற்பரப்பு துண்டுபடும் இணைப்புகளுக்கு 75 சதவீதமும் கூட்டச் சொல்கிறது. கானின் விளிம்பும் மேற்பரப்பு துண்டுபடும் இடம்தான். இன்னொன்று: 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இலினோயில் நடந்த ஆஷோ (ஆஷ்டோவின் பழைய பெயர்) வீதிச் சோதனையிலிருந்து, வீதிக்கு வரும் சேதம் அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கை ஒட்டிக் கூடும் என்ற கணக்கு வந்தது. அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. முன்பு ஒன்றும் ஆகாததற்கும் இப்போது ஆவதற்கும் காரணம் இதில் இருக்கிறது.

மூடி வாங்கும்போது ஈ.என். 124 என்ற ஐரோப்பியத் தரத்தின் வகுப்பைப் பாருங்கள். ஏ 15 நடைபாதைக்கு, பி 125 கார் நிறுத்துமிடத்துக்கு, சி 250 வீதியோரக் கல்லை ஒட்டிய இடத்துக்கு, டி 400 வீதி நடுவுக்கு, ஈ 600 துறைமுகம் போன்ற இடங்களுக்கு, எஃப் 900 விமான ஓடுபாதைக்கு. எண்கள் கிலோநியூட்டனில் உள்ள சோதனைப் பாரம். டி 400 என்றால் சோதனை இயந்திரம் அந்த ஒரு மூடியின் மேல் ஏறக்குறைய 40 தொன் கொடுத்துப் பார்க்கிறது என்று அர்த்தம். 40 தொன் லொறிக்கு உரியது என்று அல்ல. வகுப்பு மூடியிலும் பிரேமிலும் வார்த்தே இருக்கும். எழுத்தே இல்லாத மூடியை "ஹெவி டியூட்டி" என்று சொல்லி விற்றால் லொறிப் பாதைக்கு வாங்காதீர்கள்.

திறந்து பார்க்கும் முன்

மேன்ஹோலுக்குள் யாரையும் இறக்காதீர்கள். கழிவுநீர் வழியில் ஐதரசன் சல்பைட் தேங்கி நிற்கும். சில மூச்சிலேயே ஆள் மயங்கி விழலாம், காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். நீளமான பைப்பில் போனையும் டோர்ச்சையும் கட்டி இறக்கிப் படம் எடுத்தால் வேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிடும். உள்ளே இறங்கியே ஆக வேண்டும் என்றால் வாயுமானியும் காற்றூதியும் மேலே தூக்கும் கயிறும் உள்ள பயிற்சி பெற்ற ஆட்களின் வேலை அது.

கான் யாருடையது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் உங்களுடையது. வெளியே வீதியோரத்தில் இருப்பது மாநகர சபையினுடையதாகவோ வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையதாகவோ இருக்கும். அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. கழிவுநீர் மேன்ஹோல் என்றால் இன்னும் கவனம் தேவை. கொழும்பின் பழைய கழிவுநீர் வழிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டவை. பழைய செங்கல் வேலைக்குப் பக்கத்தில் பிரேக்கர் அடித்தால் பழுது உங்கள் வளவோடு நிற்காது.

சக்கரம் ஏறும்போதெல்லாம் "டக் டக்"

மூடி பிரேமில் சரியாக உட்காரவில்லை. மூடியைத் தூக்கி, பிரேமின் உட்காரும் விளிம்பைக் கம்பித் தூரிகையால் சுத்தமாகத் தேயுங்கள். பல நேரம் மணலும் தார்த் துணுக்கும் இறுகிப்போய் ஒரு மூலையைத் தூக்கிவைத்திருக்கும். வேலை அதோடு முடிந்துவிடும். சுத்தம் செய்த பிறகும் ஆடினால் மூடியின் நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக மிதித்துப் பாருங்கள். மூடி மட்டும் ஆடினால் மூடியும் பிரேமும் ஒரே சோடி அல்ல, அல்லது விளிம்பு தேய்ந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து ஆடினால் அடியிலுள்ள சாந்து பொடிந்துவிட்டது. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

ரப்பர் துண்டு வெட்டி இடையில் வைப்பது சத்தத்தை மட்டும் குறைக்கும், ஆட்டம் அப்படியே இருக்கும். புதிதாக வாங்குவதானால் இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்த மூடி நல்லது. ஒவ்வொரு முக்கோணமும் மூன்று புள்ளியில் உட்காருவதால் ஆட வழியே இல்லை.

பிரேமைச் சுற்றி வெடிப்பு, அல்லது பிரேம் அமிழ்ந்திருக்கிறது

நேரான அலுமினியப் பட்டம் ஒன்றைக் குறுக்கே வையுங்கள். பிரேம் கீழே, சுற்றியுள்ள தார் மட்டமாக இருந்தால் பழுது பிரேமுக்கு அடியில். பிரேம் அப்படியே நிற்க, சுற்றிலும் தார் இறங்கியிருந்தால் அங்கே நிரப்பிய மண் இறுகவில்லை. வீதிக்குப் புதிய காபட் (தார்ப் படை) போட்டபோது பிரேமை உயர்த்தாமல் விட்டிருந்தாலும் பிரேம் பள்ளத்தில்தான் இருக்கும், ஆனால் சுற்றிவர வெடிப்பு இருக்காது.

பிரேம் அமிழ்ந்தால் தூக்கிப் பார்க்கும்போது பெரும்பாலும் தெரிவது, செங்கல் துண்டும் ஓட்டுத் துண்டும் சொருகி மட்டம் எடுத்துச் சாந்து பூசிய வேலை. துண்டுகள் தாங்கும் சில புள்ளிகளில் மட்டும் பாரம் இறங்கி அங்கே சாந்து நொறுங்குகிறது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, சுருங்காத கிரவுட்டை (இடைவெளி நிரப்பும் சீமெந்துக் கலவை) பையில் எழுதிய தண்ணீர் அளவுப்படி கலந்து, பிரேமின் அடி முழுக்க இடைவெளி இல்லாமல் படிய வையுங்கள். தண்ணீரைக் கூட்டினால் வேலை சுலபம், பலம் போய்விடும்.

சுவரின் மேல் வரிசைச் செங்கல்லே நொறுங்கியிருந்தால் கிரவுட் போதாது. அங்கே பாரத்தைச் சுவரில் இறக்காமல் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். சுவரின் வெளி விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 300 முதல் 500 மில்லிமீற்றர் வெளியே போகும்படி கம்பி கட்டிய சிலாப் ஒன்றை வார்த்து, அதை இறுக்கிய ஏபிசி (சல்லியும் கல்தூளும் கலந்த வீதி அடிப்படை) படையின் மேல் உட்கார வையுங்கள். சுவரின் தலைக்கும் சிலாப்புக்கும் நடுவில் 25 மில்லிமீற்றர் ரிஜிஃபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) தாள் வைக்க வேண்டும். சக்கரம் ஏறும்போது சிலாப் மயிரிழை இறங்கினாலும் ரிஜிஃபோம் நசுங்கிக் கொடுக்கும், பாரம் பழைய செங்கல்லுக்குப் போகாது. பிரேமை இந்தச் சிலாப்பில் பதியுங்கள். பழைய செங்கல் மேன்ஹோல்களுக்கு எனக்கு மிகவும் நம்பிக்கையான முறை இது. சுவரை உடைக்க வேண்டாம், தண்ணீர் போகும் வழியும் குறையாது.

கிரில் வளைகிறது, பட்டை கழன்றுவிடுகிறது

முதலில் பட்டை போகும் திசையைப் பாருங்கள். சுமை தாங்கும் தடித்த பட்டைகள் கானின் குறுக்கே போய் இரண்டு விளிம்பிலும் உட்கார வேண்டும். கான் நீளத்துக்குப் பட்டை ஓடும்படி கிரிலைத் திருப்பிப் போட்டிருந்தால், பாரம் மெல்லிய குறுக்குக் கம்பிகளிலும் வெல்டிங்கிலும் தொங்குகிறது. சதுரக் கிரில்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும், ஏனென்றால் எப்படித் திருப்பினாலும் அது குழிக்குள் உட்காரும். திருப்பிப் போட்டால் காசில்லாமல் பழுது தீரும். பொதுப் பாதையில் ஒன்றைக் கவனியுங்கள்: வாகனம் போகும் திசையிலேயே இடைவெளிகள் ஓடினால் சைக்கிள் டயர் விழும்.

திசை சரியாக இருந்தும் வளைந்தால் பட்டையின் உயரம் போதாது. பட்டையின் பலம் உயரத்தின் வர்க்கமாகவும், வளையாத தன்மை உயரத்தின் மும்மடியாகவும் கூடும். தடிப்பைக் கூட்டினால் நேரளவில்தான் கூடும். கணக்கைப் பாருங்கள். கானின் திறந்த அகலம் 450 மில்லிமீற்றர், 10 மில்லிமீற்றர் தடிப்பான மைல்ட் ஸ்டீல் பட்டைகள், 35 மில்லிமீற்றருக்கு ஒன்று. 5 தொன் இரட்டைச் சக்கரத்தோடு அதிர்வுக்குச் சாதாரண இடத்தைப் போல 30 சதவீதம் மட்டும் கூட்டினால் 65 கிலோநியூட்டன் (விளிம்புக்குரிய 75 சதவீதம் எடுத்தால் இன்னும் கூடும்). டயர்களின் அகலத்துக்குள் ஏறக்குறைய 13 பட்டைகள் வரும், ஆளுக்கு 5 கிலோநியூட்டன். பாரம் நடுவில் இறங்குவதாக வைத்துப் பார்த்தால் 40 மில்லிமீற்றர் உயரப் பட்டை 4 கிலோநியூட்டன்கூடத் தாங்காது, 50 மில்லிமீற்றர் பட்டை 6 தாங்கும். வெறும் 10 மில்லிமீற்றரில் இவ்வளவு வித்தியாசம். அகலம் கூடினால் கணக்கு மாறும். உங்கள் அளவை வைத்துத் திரும்பப் போட வேண்டும்.

ட்ரெயிலர் திரும்பும் இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பின் அச்சுகள் உருளாமல் தேய்த்துக்கொண்டே திரும்பும், கிரிலை முறுக்கி இழுக்கும். அங்கே போல்ட் போட்ட கிரிலே வேண்டும். போல்ட்டைக் கொஞ்ச நாளைக்கு ஒருமுறை இறுக்கவும் வேண்டும். மரைன் டிரைவை ஒட்டிய ஒழுங்கைகளில் உப்புக் காற்று கறுப்பு இரும்பை வேகமாகத் தின்றுவிடும், வெல்டிங் எல்லாம் முடித்த பிறகு கல்வனைஸ் செய்யக் கொடுங்கள். கல்வனைஸ் செய்த பின் வெட்டி வெல்டிங் வைத்தால் துரு அங்கிருந்துதான் பிடிக்கும்.

கொங்கிரீட் சிலாப் வெடித்திருக்கிறது

வெடிப்பின் வடிவம் காரணத்தைச் சொல்லும். சிலாப்பைத் தூக்கிப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

நடுவில், கான் ஓடும் திசையிலேயே அடியில் கோடு விழுந்திருந்தால் அது வளைவு. கம்பி போதாது, அல்லது கம்பி இடம் மாறியிருக்கிறது. சிலாப்புக்குக் கம்பி அடிப்பக்கம் இருக்க வேண்டும். துப்புரவு வேலைக்குச் சிலாப்பைத் தூக்கியவர்கள் தலைகீழாகத் திரும்ப வைத்துவிட்டால் கம்பி மேலே போய்விடும், நல்ல சிலாப்பும் முதல் லொறிக்கே உடையும். வார்க்கும்போதே மேற்பக்கத்தில் ஈரத்தில் "மேல்" என்று ஆழமாகக் கீறிவிடுங்கள். தூக்கும் கொக்கியையும் மேற்பக்கம் மட்டும் வைத்தால் தவறாக வைக்க வாய்ப்பே குறையும்.

சுவருக்குப் பக்கத்தில் சாய்ந்த கோடாக உடைந்திருந்தால் அது வெட்டு, அதாவது பாரம் சிலாப்பைக் கத்தரி போல அறுப்பது. அகலம் குறைந்த கான்களில், சக்கரம் சுவரின் ஓரத்தில் நிற்கும்போது வரும். இதற்குக் கம்பியைக் கூட்டுவதால் பெரிய பலன் இல்லை, தடிப்பு வேண்டும். 600 மில்லிமீற்றர் திறந்த அகலத்துக்கு 150 மில்லிமீற்றர் தடிப்பும் அடியில் 150 மில்லிமீற்றருக்கு ஒரு 12 மில்லிமீற்றர் டோர் (வரி விழுந்த) கம்பியும், கிரேட் 30 கொங்கிரீட்டும் என்றால் மேலே சொன்ன சக்கரத்துக்கு வளைவு சரியாக வரும், ஆனால் வெட்டு எல்லையில் நிற்கும். நான் 200 மில்லிமீற்றர்தான் போடச் சொல்வேன். நிரம்பிய கண்டெய்னர் தினமும் ஏறும் இடத்துக்கு இந்த அளவை அப்படியே எடுக்காமல் ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரிடம் கணக்குப் போடக் கொடுங்கள்.

மூலை மட்டும் உடைந்தால் சிலாப்பில் குற்றமில்லை. அது உட்காரும் இடம் மேடு பள்ளம். சுவரின் தலையைச் சாந்தால் மட்டமாக்கி, சாந்து ஈரமாக இருக்கும்போதே சிலாப்பை வைத்து அழுத்துங்கள். கம்பி ஓடும் வரிசையில் துருக் கறையோடு கொங்கிரீட் உரிந்து விழுந்தால், கம்பிக்கு மேல் மூடிய கனம் குறைவு. அப்படிப்பட்ட சிலாப்பின் மேல் புதுக் கொங்கிரீட் ஊற்றித் தடிப்பாக்குவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். துரு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், கூட்டிய எடையையும் அதே கம்பிதான் தாங்க வேண்டும். எடுத்துவிட்டுப் புதிதாக வார்த்து, அடியில் 40 மில்லிமீற்றர் மூடல் கொடுங்கள். சீமெந்துக் கட்டை வைத்தே கம்பியை உயர்த்துங்கள், கல் துண்டு வைக்காதீர்கள்.

சிலாப்பைத் தூக்க முடியவில்லை, கான் ஒடுங்கிக்கொண்டு வருகிறது

சுவர் உள்ளே சாய்ந்து சிலாப்பைக் கவ்விப் பிடித்திருக்கிறது. அகலத்தை மேலும் கீழும் அளந்தால் வித்தியாசம் தெரியும். பல பேர் கவனிக்காமல் விடுவது இதுதான், ஏனென்றால் சக்கரம் கானின் மேல் ஏறவே வேண்டாம். பக்கத்தில் நின்றாலே அதன் பாரம் மண் வழியாகச் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும்.

1 மீற்றர் ஆழக் கானின் சுவரை மண் மட்டும் தள்ளும்போது அடியில் வரும் திருப்பு விசையை 1 என்று வையுங்கள். கன வாகனங்களுக்காக நிலத்தில் சதுர மீற்றருக்கு 20 கிலோநியூட்டன் என்று எடுத்தால், அந்த வாகனம் மட்டுமே 3க்கு மேல் கூட்டுகிறது. மழைக்குப் பின் சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிரம்பினால் இன்னும் ஒன்றுக்கு மேல். மண்ணுக்கு மட்டும் கட்டிய 9 அங்குலச் செங்கல் சுவர் இதற்கு நிற்காது.

சாய்வு தொடங்கிய நிலையில் இருந்தால் நல்ல தீர்வு, கழற்றும் சிலாப்புகளுக்குப் பதிலாக இரு சுவரின் தலைக்கும் கம்பி துளைத்துக் கட்டி அங்கேயே வார்த்த சிலாப். அது பாரத்தையும் தாங்கும், இரண்டு சுவருக்கும் நடுவில் முட்டாகவும் நிற்கும். துப்புரவுக்கு இடைக்கிடை திறப்பு விட மறக்காதீர்கள். நன்றாகச் சாய்ந்த சுவரை முட்டுக் கொடுத்துக் காப்பாற்றப் பார்க்காமல், கம்பி கட்டிய யூ வடிவக் கானாகப் புதிதாக வார்ப்பதே நல்லது. இன்னொரு எச்சரிக்கை: கானைச் சுத்தம் செய்ய நீளத்துக்கு எல்லாச் சிலாப்பையும் ஒரே நேரத்தில் தூக்காதீர்கள். சுவருக்கு இருந்த ஒரே முட்டு அதுவாக இருக்கலாம். சிலாப் திறந்திருக்கும்போது பக்கத்தில் வாகனம் நிற்கவும் விடக்கூடாது.

நிரப்ப நிரப்பத் திரும்ப வரும் பள்ளம்

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். கானை ஒட்டிய ஒரு இடத்தில் பள்ளம் விழும், ஏபிசி போட்டுத் தார் ஊற்றுவார்கள், அடுத்த பெரிய மழைக்குப் பின் அதே இடத்தில் மறுபடி இறங்கும். மேலே போட்டதெல்லாம் எங்கே போகிறது? வெடித்த சுவர் வழியாகவோ திறந்த குழாய் இணைப்பு வழியாகவோ மணலும் மண்ணும் கானுக்குள் கழுவிப் போகின்றன. அடியில் பொந்து பெருகுகிறது, தார் மட்டும் மேலே பாலம் போல நிற்கிறது. காருக்கு நிற்கும், நிரம்பிய பவுசருக்கு ஒரு நாள் திறந்துவிடும்.

சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். பொந்து உள்ள இடம் பொள்ளலான சத்தம் தரும். பள்ளத்தில் கலர் பொடி கலந்த தண்ணீர் ஊற்றிக் கானுக்குள் எங்கே வருகிறது என்று பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். கானின் அடியில் சேரும் மணலையும் கவனியுங்கள். வளவுக்குள் எங்கும் இல்லாத மணல் ஒரே இடத்தில் குவிந்தால் அது சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

வேலையின் ஒழுங்கு முக்கியம். முதலில் கானின் உள்பக்கம் இருந்து ஓட்டையை அடைக்க வேண்டும். அப்புறம் மேலிருந்து தோண்டி, நல்ல மண் வரும் வரை பொந்தைத் திறந்து, சுவரின் பின்பக்கத்தில் தண்ணீரை விட்டு மண்ணை மறிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி போட்டு, 150 மில்லிமீற்றர் படை படையாக ஏபிசி நிரப்பி இறுக்க வேண்டும். கம்பெக்டர் நுழையாத ஒடுக்கத்தில், தானாக ஓடி நிரம்பும் மெலிந்த கொங்கிரீட் ஊற்றலாம். ஓட்டையை அடைக்காமல் ஊற்றினால் கொங்கிரீட் கானுக்குள் ஓடி அங்கேயே இறுகும். தண்ணீர் வழி அடைபட்டு இரண்டாவது பழுதும் சேரும். சுவரில் வேண்டுமென்றே விட்ட நீர்த் துளைகளை அடைக்காதீர்கள், பின்னால் துணியும் சல்லியும் வைத்து மண் மட்டும் வராமல் மறியுங்கள்.

சென் செபஸ்டியன் கால்வாய், தெமட்டகொடக் கால்வாய்ப் பக்கம் உள்ள தாழ்ந்த காணிகளில் அடியில் கறுத்த கரிமண் படை இருக்கலாம். அங்கே தடித்த கொங்கிரீட்டைக் கூட்டக் கூட்ட அதன் எடையே நிலத்தை அமுக்கும். கான் ஒரு பக்கம் இறங்கி ஓட்டச் சரிவு மாறிவிட்டால் பெரும்பாலும் காரணம் அதுதான். மண் பரிசோதனை செய்யாமல் அங்கே பலப்படுத்தத் தொடங்க வேண்டாம்.

லொறிக்கு நிற்கிறது, ஃபோர்க்லிஃப்டுக்கு உடைகிறது

ஃபோர்க்லிஃப்ட் சின்னது என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. சாமான் தூக்கியதும் ஏறக்குறைய முழு எடையும் முன் அச்சின் இரண்டு சின்னச் சக்கரத்துக்கு வந்துவிடும். காற்றில்லாத கெட்டி டயர் நிலத்தைத் தொடும் இடமும் சிறியது. கிரிலில் இரண்டு மூன்று பட்டை மட்டும் எல்லாவற்றையும் சுமக்கும். ஸ்டோர் வாசல் கான்களுக்குக் கிரில் எடுக்கும்போது லொறிக் கணக்கோடு இதையும் தனியாகப் போடுங்கள், பட்டைகளின் இடைவெளியைக் குறையுங்கள்.

பாதைக்கு அடியில் போகும் குழாய் நசுங்குகிறது

ஆழம் குறைவு. 5 தொன் இரட்டைச் சக்கரத்தின் பாரம் 300 மில்லிமீற்றர் ஆழத்தில் சதுர மீற்றருக்கு 11 தொன் அளவில் இருக்கும், 900 மில்லிமீற்றர் ஆழத்தில் 3 தொன்னாகப் பரவிவிடும். குழாயைத் தாழ்த்த முடியாத இடத்தில் அதற்கு மேலே, குழாயைத் தொடாமல், இருபக்கமும் நல்ல நிலத்தில் உட்காரும் சிலாப் போடுங்கள். பிளாஸ்டிக் குழாயைச் சுற்றிக் கம்பியில்லாக் கொங்கிரீட்டை நேரடியாக ஊற்றினால் கொங்கிரீட் வெடிக்கும் இடத்தில் குழாயும் வெட்டுப்படும்.

பலப்படுத்திய பிறகு தண்ணீர் நிற்கிறது

சுவர் மெலிவென்று 450 மில்லிமீற்றர் அகலமும் ஆழமும் உள்ள கானின் உள்ளே இருபக்கமும் 100 மில்லிமீற்றர் கொங்கிரீட் பூசினால் அகலம் 250 ஆகும். பரப்பளவு 56 சதவீதம் மிஞ்சுகிறது, பரவாயில்லை என்று தோன்றும். தண்ணீர் போகும் அளவு ஏறக்குறைய 42 சதவீதத்துக்கு இறங்கிவிடும், ஏனென்றால் ஒடுங்கிய வழியில் சுவரின் உராய்வு கூடுதலாகப் பிடிக்கிறது. மே மாதத் தென்மேல் பருவ மழைக்கும் ஒக்டோபர், நவம்பர் மாலை மழைக்கும் கொழும்பில் இதைத் தாங்க முடியாது. உள்ளே தடிப்பாக்குவதைக் கடைசி வழியாக வையுங்கள். அகலத்தைப் பாதியாக்க நடுவில் தூண் கட்டுவதும் அப்படித்தான். ஷொப்பிங் பையும் கோம்பையும் அங்கே சிக்கி அடைக்கும். கனமான கிரில் மாற்றும்போது அதன் துளைகளின் மொத்தப் பரப்பைப் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

எப்போது லொறியை விடலாம்

இந்த வேலைக்குக் கொழும்பில் ஜனவரி, பெப்ரவரி நல்ல மாதங்கள். மழை குறைவு, தோண்டிய குழி காய்ந்திருக்கும். சாதாரண சீமெந்தில் வார்த்த கொங்கிரீட் 7 நாளில் 28 நாள் பலத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வரும், கலப்புச் சீமெந்து என்றால் இன்னும் மெதுவாக. அந்த 7 நாளும் ஈரச் சாக்கு காயாமல் பார்க்க வேண்டும். அதன் பின் கார் போகட்டும், நிரம்பிய லொறியை 28 நாள் வரை நிறுத்திவைப்பது நல்லது. முடியாவிட்டால் வார்க்கும்போதே கியூப் (சோதனைக் கொங்கிரீட் கட்டி) எடுத்து, வேண்டிய பலம் வந்ததைச் சோதித்துவிட்டுத் திறவுங்கள்.

கடையை மூட முடியாது என்றால் 600 மில்லிமீற்றர் அகலம் வரையான திறப்பின் மேல் 25 மில்லிமீற்றர் இரும்புத் தகடு போடலாம். தகடு புதுக் கொங்கிரீட்டில் படாமல், அதைத் தாண்டி இருபக்கமும் குறைந்தது 300 மில்லிமீற்றர் பழைய உறுதியான நிலத்தில் உட்கார வேண்டும். நகராமல் முளை அடித்து, ஓரத்தில் தார்ச் சரிவு கொடுங்கள். கேட்டில் வேகத்தடை கானுக்கு முன்னாலேயே இருந்தால் அதைச் சில மீற்றர் தள்ளிப் போடுங்கள். தடையிலிருந்து குதித்து இறங்கும் சக்கரம் நேராகக் கானின் விளிம்பில்தான் அடிக்கிறது. திறந்த பிறகு முதல் பெரிய மழை முடிந்ததும் அதே அலுமினியப் பட்டத்தைக் குறுக்கே வைத்துப் பிரேமின் மட்டத்தை அளந்து, சுவரில் திகதியோடு எழுதிவையுங்கள்.